நீளக் குழாயும் எருமப்பட்டி விருந்தும்

என் மகனுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஓசூரில் உன்னோடு வேலை பார்ப்பவரிடமிருந்து பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் கீழே அனுப்புகிற அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, தனித்தனிக் குழாய்களாக வளைத்துப் போடப் போவதாகவும், நீளக் குழாய் போடுவதா குட்டைக் குழாய் போடுவதா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாய் என்றும் எழுதியிருந்தாய். இரண்டையும் பென்சிலில் வரைந்திருந்தாய். நல்ல படம். கடைசியில் போகிறபோக்கில் இரண்டு வரி: உன் மனைவிக்கு ஐந்தாம் மாதம், டாக்டரிடம் போய்வர இனி பஸ்ஸில் அலைய வேண்டியதில்லை. அந்த இரண்டு வரி இல்லாமல் இருந்திருந்தால் உன் கேள்விக்கு அன்றைக்கே ஒரு கார்டில் பதில் போட்டிருப்பேன்.

பதில் சின்னதுதான். குட்டைக் குழாய் போடு. ஏன் என்று நீ கேட்பாய். கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் நீ இல்லை. தொழில் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர் இருந்தாலும் புகை வெளியேறும் வாய் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் ஒரே வாய். நீளக் குழாய் என்றால் மூன்று குழாய்களும் ஒன்றையொன்று தொடாமல் வண்டிக்கு அடியில் வெகுதூரம் வந்து, முன் சீட்டுக்குக் கீழே ஒரே குழாயாகச் சேரும். முன்னால் போகிற புகை பின்னால் வருவதை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் லேசாக மூச்சு விடும். மேட்டில் இழுவை கூடும். குட்டைக் குழாய் எஞ்சினை ஒட்டியே சேர்ந்து பழைய சைலன்சர் குழாயில் பழைய இடத்திலேயே பொருந்திக்கொள்ளும். ஆதாயம் குறைவு. ஆனால் தரையை இடிக்காது, வண்டியின் தளத்தை வெட்டச் சொல்லாது, இணைப்பு ஒழுகினாலும் பானட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். நீளக் குழாய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. துருப்பிடிக்காத தளமும், குண்டும் குழியும் இல்லாத சாலையும், மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிற ஆளும் வேண்டும். மூன்றாவதுதான் கிடைக்காது. எனக்கே கிடைக்கவில்லை, நானே மெக்கானிக்காக இருந்தும்.

இது பாதிப் பதில். மீதிப் பாதியில் நீ இருக்கிறாய். உனக்கு ஏழு வயதில், எருமப்பட்டியில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டு வரும் வழியில் நீ மயங்கிப்போனதும், ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உனக்குச் சொல்லப்பட்ட கதைதான்; நினைவு இருக்காது. கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் சொன்னோம். அதை நம்பித்தான் இன்றுவரை நீ யார் வீட்டு விருந்திலும் கறியைத் தொடுவதில்லை. அந்தக் கறியில் ஒரு குற்றமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எருமப்பட்டி நாச்சிமுத்துவை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். எழுபதுகளின் நடுவில் சேலத்தில் என் பட்டறை தொடங்கி நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. லாரிகளுக்கும் கார்களுக்கும் சைலன்சர் குழாய் வளைத்துப் பற்றவைக்கும் வேலை. அவர் ஒரு பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கொல்லிமலை மேலே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏற்றி இறக்கும் காட்டு வேலைக்கும், ஊரில் புதிதாகத் தொடங்கியிருந்த கோழிப் பண்ணைக்கும் அந்த ஒரே கார். மலை வளைவுகளில் திணறுகிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டு மோட்டார் பத்திரிகை என்னிடம் இருந்தது. அதில் நீ வரைந்த இதே இரண்டு படங்கள். எடுத்துக் காட்டினேன்.

"எது நல்லதுங்க மேஸ்திரி?" என்றார்.

"நீளம்தாங்க. அதுதான் பந்தயக் கார்ல போடுறது."

"நம்ம வண்டிக்கு அடங்குமுங்களா? குட்டையா இருக்கறது சுளுவா உக்காந்துக்குமாட்ட இருக்குது."

அவர் விவசாயி. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. குட்டைக் குழாய் ஒரு நாள் வேலை. அதை எவனும் செய்வான் என்று அப்போது நினைத்தேன். சேலத்தில் யாரும் நீளக் குழாய் போட்டதில்லை. எனக்கு முப்பத்தொரு வயது. காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

வளைக்கும்போது நசுங்காமலிருக்கக் குழாய்க்குள் ஆற்றுமணலை இறுக்கி நிரப்பி, நெருப்பில் காய்ச்சி, மூன்றையும் வளைத்தேன். எட்டு நாள் ஆனது. கோவில் தேர்ச் சிற்பம்போல இருக்கிறது என்று பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வண்டியில் பொருத்தும்போது இடது பக்கம் தளத் தகடு இடித்தது. சுத்தியலால் அடித்து மேலே தூக்கினேன். பழைய தகடு, துரு ஏறியது. பின் சீட்டுக்கு முன்னால் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அதன்மேல் ஒரு தகரத்தை வைத்துத் தாரைக் காய்ச்சி ஊற்றி ரப்பர் பாயை விரித்துவிட்டேன். பற்றவைத்திருக்க வேண்டும். பற்றவைக்க வேண்டுமானால் சீட்டையெல்லாம் கழற்ற வேண்டும். அவர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். கிழிசலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை.

வண்டி பறந்தது. அடுத்த வாரமே வந்து, "ரெண்டாவது கியர்ல உறுமிக்கிட்டுப் போற வளைவுல மூணாவதுலயே ஏறிப்புட்டுதுங்க!" என்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் நீளக் குழாய் கேட்டு வந்தார்கள். நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று உன் அம்மா கேலி செய்தாள்.

இரண்டு மாதம் கழித்து நாச்சிமுத்து முகம் வாடி வந்தார். அப்போதெல்லாம் ஒரு நாள் வயதான கோழிக்குஞ்சுகள் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் ரயிலில் சேலம் வரும். அவர் அவற்றை எடுத்துக் காரில் வைத்து எருமப்பட்டிக்குக் கொண்டுபோவார். அந்தத் தடவை நான்கு பெட்டிகள். சீட்டின் மேல் வைத்த பெட்டிகளில் பாதிக் குஞ்சுகள் துவண்டு கிடந்தன. கீழே, கால் வைக்கும் இடத்தில் வைத்திருந்த பெட்டியில் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"வண்டி ஒருநா கெணத்து மேட்டுக் கல்லுல அடி வாங்குச்சுங்க. ஏனுங்க மேஸ்திரி, எஞ்சின் பொகை எதாச்சும் உள்ளார வருதுங்களா?" என்று நேராகவே கேட்டார்.

நான் சிரித்தேன். "புகை வந்தா மூக்குக்குத் தெரியாதாங்க? மூடி வச்சிருப்பீங்க, சூடு தாங்கியிருக்காது."

கொல்லுகிற வாயுவுக்கு வாசனை கிடையாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஷெட்டைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதே என்று நானே மற்றவர்களுக்குச் சொல்வேன். ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் கால் மணி நேர வேலை. பட்டறையில் அப்போது நீளக் குழாய் கேட்ட அந்த மூன்று பேரில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் படுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாச்சிமுத்து நான் சொன்னதை நம்பிக்கொண்டு போனார். அடுத்த தடவையும் கீழே வைத்த பெட்டியில் குஞ்சுகள் செத்தன. ரயிலிலேயே நோய் பிடித்திருக்கும் என்று அதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

பிறகு அவர் மகளுக்குக் காதுகுத்து. நம் மூன்று பேரையும் கூப்பிட்டார். பஸ்ஸில் போனோம். அவர் மனைவி தங்காயி உன்னைப் பார்த்த உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இந்த சாமி என்னமோ ஒட்டிக்கிச்சு, பாருங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். பந்தியில் உனக்குத் தன் கையாலேயே ஈரலைப் பிய்த்து ஊட்டினார். நீ இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாய். புறப்படும்போது மழை வருகிற மாதிரி இருந்தது. "பஸ்ஸுக்கு எதுக்குங்க நிக்கறீங்க? வண்டிய எடுத்துட்டுப் போங்க. சத்தம் ஒரு மாதிரியா வருது, அப்படியே பாத்து வையுங்க, ரெண்டு நா கழிச்சு வாரேன்" என்று நாச்சிமுத்து சாவியைக் கொடுத்தார்.

நாமக்கல் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். நீ பின் சீட்டில் குப்புறப் படுத்து, தலையைச் சீட்டு விளிம்புக்கு வெளியே தொங்கப் போட்டபடி தூங்கிவிட்டாய். உன் அம்மா முன்னால் என் பக்கத்தில் இருந்தாள். அவள் பக்கத்து முக்கோணக் கண்ணாடி சரியாகச் சாத்தாது, காற்று வந்துகொண்டிருந்தது. ஆண்டகளூர் கேட் வரும்போது தலை வலிக்கிறது என்றாள். எனக்கும் வலித்தது. மதியச் சாப்பாடும் பயணமும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். மல்லூரில் டீ குடிக்க நிறுத்தி உன்னை எழுப்பினாள். நீ எழுந்திருக்கவில்லை. தூக்கினால் கையும் காலும் துணிபோலத் தொங்கின.

உன்னை வெளியே எடுத்து மழையில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. வாந்தி எடுத்தாய், கண் திறக்கவில்லை. நான் பின்பக்கக் கதவைத் திறந்து ரப்பர் பாயைத் தூக்கினேன். தார் உருகி விலகியிருந்தது. கிழிசல் வழியாகக் கையை வைத்தேன், சூடாக ஊதியது. குழாய்கள் சேருகிற இணைப்பு கல்லில் அடிபட்டு வாய் பிளந்திருந்தது. பாயை மறுபடி விரித்தேன். உன்னை அம்மாவின் மடியில் முன் சீட்டில் போட்டுக்கொண்டு, "கண்ணாடி எல்லாத்தையும் எறக்கு" என்றேன்.

"மழை அடிக்குதே, எதுக்கு?" என்றாள்.

எல்லாவற்றையும் நானே இறக்கிவிட்டு, மூவரும் நனைந்துகொண்டே சேலம் வந்து சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். இந்த இடத்தை நான் பலமுறை என் மனதில் வேறு மாதிரி நடத்திப் பார்த்திருக்கிறேன். காருக்குள் புகை வந்தது என்று மூன்று சொல் போதும். "கறி விருந்துக்குப் போயிட்டு வர்றோம்" என்றேன். அவர் அதற்கான வைத்தியத்தைச் செய்தார். அவர் மேல் தவறில்லை, அவருக்குக் கிடைத்தது என் வாய்ச்சொல் ஒன்றுதான். மறுநாள் சாயங்காலம் வரை நீ கண் திறக்கவில்லை. பிழைத்தது உன் உடம்பின் உறுதி. அல்லது உன் அம்மா நம்புவதுபோல மாதாவின் கருணை. என் பங்கு அதில் எதுவும் இல்லை. இரண்டு மூன்று மாதம் உனக்குப் பெயர்கள் மறந்தன. வாய்ப்பாடு சொல்லும்போது நடுவில் நின்று விழித்தாய். பிறகு எல்லாம் சரியானது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மறுநாள் காலையில், கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிய சேதி கேட்டு, தங்காயி எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் நான்கு இளநீர். வார்டு வாசலோடு நின்றுகொண்டார். உன் அம்மா அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலைல அறுத்த கெடாதானுங்க. நானே நின்னு பாத்துப் பாத்து ஆக்குனேன். ஊட்டுல எல்லாருந்தான் தின்னோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நான் இளநீரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நாச்சிமுத்துவின் காரில் நீளக் குழாயைக் கழற்றிவிட்டுக் குட்டைக் குழாய் போட்டேன். சீட்டைக் கழற்றித் தளத்தையும் பற்றவைத்தேன். கீழே இடிக்கிறது, அதனால் மாற்றினேன் என்று சொன்னேன். மற்ற மூன்று வண்டிகளையும் ஒவ்வொரு சாக்கு சொல்லி வரவழைத்து மாற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் என் பட்டறையில் நீளக் குழாய் செய்ததில்லை. தொழிலைத் திருத்திக்கொண்டால் போதும் என்று எண்ணினேன். தங்காயியின் பெயர் மேல் விழுந்த பழியை எப்படிக் கழற்றுவது என்று யோசிக்கவே இல்லை.

போன வருடம் உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க எருமப்பட்டிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நான்கைந்து பேர் அங்கே விளையாடிக்கொண்டிருந்தார்கள். பலகாரம் கேட்டு ஒன்று தங்காயியின் சேலையைப் பிடித்து இழுத்தது. "மருமவளக் கேளு சாமி, அவ குடுப்பா" என்றார். பிறகு என்னிடம், சாதாரணமாக, "ஊராமூட்டுக் கொழந்தைக்கு நான் கையால எதுவும் குடுக்கறதில்லீங்க, அப்ப இருந்தே" என்றார். கல்யாண வேலை இருக்கிறது என்று அன்றைக்கும் நழுவி வந்துவிட்டேன். உன் கடிதமும் அந்தப் படமும் ஐந்தாம் மாதமும் வந்து சேர்ந்த பிறகுதான், மூன்று நாள் கழித்து, மறுபடி அங்கே போனேன்.

இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கிழிசல், தார், பிளந்த இணைப்பு, டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும். முடித்ததும் நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியுமுங்க" என்றார். "நீங்க குட்டைக் கொழாய் போட்டுக் குடுத்ததுக்கப்பறம் கீழ வச்ச பொட்டில ஒரு குஞ்சு சாகலீங்க. அப்பவே வெளங்கிப்போச்சு."

தங்காயி அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"சொன்னா சிநேகிதம் கெட்டுப்போகுமேன்னு இருந்துட்டேன்."

"ரெண்டு பேரு சிநேகிதத்துக்கு என் கைதான் கெடச்சுதா?" என்றார் தங்காயி. குரல் உயரவே இல்லை. பிறகு என்னிடம், "உங்கூட்டம்மாவுக்குத் தெரியுமுங்களா?" என்றார். இல்லை என்றேன். "பையனுக்கு?" இல்லை. அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நாச்சிமுத்து பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கண்ணாடிய எறக்கச் சொன்னீங்களே, அது எதுக்குன்னு இத்தனை வருஷமா நெனைச்சுப் பாக்காம விட்டுட்டேன்." என்னோடு கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே, ஆஸ்பத்திரியில் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பத்து நாளுக்கு மேல் வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. எனக்குச் சாப்பாடு போட்டாள், துணி எடுத்து வைத்தாள், ஜெபமாலை நேரத்தை நீட்டிக்கொண்டாள். உனக்கு எழுத உட்கார்ந்த போதெல்லாம் எழுந்துவிட்டேன்.

குட்டைக் குழாயே போட்டாலும் ஒன்று செய். இணைப்புகளை முறுக்கிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயை ஈரச் சாக்கால் ஒரு நிமிடம் அடைத்துப் பிடி. எங்கே ஒழுகுகிறதோ அங்கே சீறும். வண்டிக்கு அடியில் நீயே படுத்துப் பார். தளத்தில் துரு இருந்தால் தார் பூசாதே. தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவை. யாராவது உன் வேலையில் சந்தேகம் கேட்டால் சிரிக்காதே. மற்ற புத்திமதி எதையும் சொல்கிற இடத்தில் நான் இல்லை. நான் மறைத்ததற்கு நீ என்னிடம் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன். ஒன்றும் கேட்காமல் இருந்தாலும் அது உன் இஷ்டம்.

நேற்றுக் காலையில் உன் அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டு, பஸ்ஸில் தனியாக எருமப்பட்டிக்குப் போனாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போது, "அவனுக்கு எழுதிட்டீங்களா? கொழாயப் பத்தி மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க" என்றாள். காலையில் எழுதிவிடுகிறேன் என்றேன். அடுப்பைப் பற்றவைக்கப் போனவளிடம், மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"தங்காயி கையால சாப்பிட்டேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கி" என்றாள்.

அப்பா